சர்க்கரைக் கொட்டையும் லூசியா கொடுத்த பிணையும்

1

“இன்னாம்மா இது, கூழாங்கல்லா?”

பத்தாவித் துறைமுகத்தில், சுங்கச் சாவடிக்கு வெளியே, என் தலைத்தட்டைப் பார்த்து ஒருவன் இப்படிக் கேட்டான். இந்தச் சாவகத் தீவுக்கு வந்த நாளாக மலாய்க்காரர், சீனர், போர்த்துகீசு பேசுகிறவர், ஒல்லாந்தர் என்று எத்தனையோ பேர் அந்தத் தட்டைப் பார்த்து என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். ‘இன்னாம்மா’ என்று ஒருவரும் கேட்டதில்லை. எனக்குத் தட்டை இறக்கி வைக்க வேண்டியதாகிவிட்டது.

“கல்லு இல்லப்பா. கொட்டை. மேல சர்க்கரை பூசியிருக்கு. வாயில போட்டுப் பாரு.”

அவன் ஒன்றை எடுத்துக் கடவாயில் வைத்துக் கடித்தான். “உள்ள முந்திரி மாதிரி கீது.”

“முந்திரி இல்ல, கனாரி. கிழக்குத் தீவுலேர்ந்து வர்ற கொட்டை.”

பழவேற்காட்டு மரைக்காயர் ஒருவரின் கப்பலில் வந்த ஆள் அவன். நம் குப்பத்துக்கு வடக்கே, முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கத்துக் குப்பம். நான் யார் மகள், யாருக்கு அக்கா என்று சொன்னேன். அவன் மென்றுகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு ஓரடி பின்னால் போனான்.

“எல்லம்மாவா? நீ செத்துட்டன்னு உன் தம்பி காரியமே பண்ணிட்டானே.”

ஆகையால்தான் இதை எழுதச் சொல்லுகிறேன். எனக்கு எழுத்து தெரியாது. கப்பலின் கணக்கப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து, நான் சொல்வதைக் கேட்டு, என் கொச்சையைத் திருத்தி எழுத்து நடையில் எழுதுகிறார். பேசினவர்களின் பேச்சை மட்டும் பேசினபடியே எழுதிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தம்பி மாரி, குப்பத்தில் எல்லாரையும் கூட்டிவைத்து இதைப் படிக்கச் சொல்லிக் கேள். நான் சாகவில்லை. செத்தது என் புருஷன். எனக்குப் படையல் போட்டாயாமே, அதில் வஞ்சிரம் வைத்தாயா, இல்லை வழக்கம்போல் மடவையோடு முடித்துவிட்டாயா என்று அடுத்த கப்பலில் சொல்லி அனுப்பு.

2

பீப்பாய்க்காரரை நான் கட்டிக்கொண்ட கதை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப்பேர் அதற்காக என்னோடு பேசாமல் இருந்தவர்கள். ஒல்லாந்தர் கோட்டைக்குள் பீப்பாய் செய்கிற வேலை அவருக்கு. பெயர் யான். நான் கோட்டை வாசலில் இறால் விற்றேன். மீன் விற்கிறவளைப் பார்க்கிற மாதிரி பார்க்காமல், நின்று, குல்லாவைக் கழற்றிவிட்டு விலை கேட்ட ஒரே ஆள் அவர். அவர்கள் கோவிலில் தலையில் தண்ணீர் ஊற்றி எனக்கு மரியா என்று பெயர் வைத்த பிறகுதான் கல்யாணம் நடந்தது. வீட்டில் நான் எல்லம்மாவாகவே இருந்தேன்.

அவருக்கு ஊர் ஏக்கம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தாய் தகப்பனைப் பற்றிக்கூட அதிகம் பேச மாட்டார். ஆனால் ஒரே ஒரு தின்பண்டத்தை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. அவர் ஊரில் கல்யாணத்துக்கும் பிள்ளை பிறப்புக்கும் கொடுப்பார்களாம். தமிழில் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கையை மடக்கி மடக்கிக் காட்டுவார்.

“வெள்ளை. கல் மாதிரி. கடி, கடி, உள்ளே கொட்டை.”

“கொட்டைக்கு மேல வெள்ளையா இன்னா?”

“சர்க்கரை.”

சர்க்கரையைக் கொட்டைமேல் எப்படி நிறுத்துவார்கள் என்று நான் கேட்டேன். அவர் தின்றிருக்கிறாரே தவிர, செய்து பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் நம் பக்கம் வெள்ளைச் சர்க்கரையை யார் பார்த்தது? இந்தத் தீவிலிருந்து கப்பலில் வந்து கோட்டைக்குள் போய்விடும். நமக்குப் பனைவெல்லம். கொட்டைக்கு, பரங்கிக்காரர் மணலில் போட்டு வளர்த்துவிட்டுப் போன முந்திரி. ஓட்டோடு சுட்டு உடைத்தேன். அந்த எண்ணெய் பட்டு விரலெல்லாம் தோல் உரிந்தது. வெல்லத்தைப் பாகு காய்ச்சி முந்திரியைப் போட்டுக் கிளறினேன். கறுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, நண்டுக்கூட்டம் மாதிரி வந்தது. அவர் ஒரு கட்டியைப் பிய்த்து மென்றார். முழுவதையும் தின்றார். விரலை நக்கிவிட்டுச் சொன்னார்:

“இது இல்லை. ஆனா நல்லா இருக்கு.”

அதன் பிறகு எத்தனை தரம் செய்தேன் என்று எனக்கே தெரியாது. வெல்லத்தை வடிகட்டிச் செய்தேன். பனங்கற்கண்டைப் பொடித்துச் செய்தேன். மீனுக்கு உப்புத் தடவுகிற மாதிரி பொடியில் புரட்டியும் பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அதே வார்த்தை: இது இல்லை, ஆனா நல்லா இருக்கு. நான் ஒரு நாள்கூடப் பார்க்காத ஊரின் பண்டத்தை, அவருடைய அரைத் தமிழை வைத்துக்கொண்டு தேடினேன். அந்தத் தேடல் எனக்குப் பிடித்திருந்தது. கிடைத்துவிட்டிருந்தால் அவ்வளவு பிடித்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

3

மகள் பிறந்தபோது கோவிலில் கத்தரீனா என்று எழுதினார்கள். அவர் அதைச் சுருக்கி ‘காத்யே’ என்று கூப்பிட்டார். அவர் ஊரில் அப்படித்தானாம். என் காதில் அது காத்தாயி என்று விழுந்தது. நம் குலதெய்வத்தின் பெயரைத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்து நான் காத்தாயி என்றே கூப்பிட்டேன். நான் நம் சாமி பெயரைக் கூப்பிடுகிறேன் என்று அவருக்கும் வெகுநாள் தெரியாது. தெரிந்த அன்று இரண்டு பேரும் சிரித்தோம். பிள்ளை இரண்டுக்கும் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு விவரம் தெரிகிற வயதில் அவரைப் பத்தாவிக்கு மாற்றினார்கள். இங்கே இறங்கினதும் முதல் வேலை, வந்தவர்களை எழுதிக்கொள்வது. எங்கிருந்து வந்தவள், யாருடைய மனைவி, எந்தக் கோவிலில் பெயர் பதிந்தது. எழுத்தர் கேட்டுக்கொண்டே எழுதி, கடைசியில் படித்தார்: பலியாக்காத்தாவின் மரியா. நம் பழவேற்காட்டை அவர்கள் வாய் அப்படித்தான் சொல்லும். என் பெயருமில்லை, ஊரின் பெயருமில்லை. ஆனாலும் அப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஊரே வந்து நின்றது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த ஊரில் தெருவுக்குத் தெரு கால்வாய். நம் ஏரி மாதிரி மூச்சு விடுகிற தண்ணீர் இல்லை. நின்று நாறுகிற தண்ணீர். சந்தையில் மலாய், அக்கம்பக்கத்தில் போர்த்துகீசு, பட்டறையில் ஒல்லாந்து. காத்தாயி மூன்றையும் ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொண்டாள். நான் தமிழில் கேட்டால் மூன்றில் ஒன்றில் பதில் வரும். தெருவில் நான் குரல் கொடுத்தால் கிட்டே ஓடிவந்து, “மெல்ல பேசும்மா, எல்லாரும் பாக்கறாங்க” என்பாள். அதையாவது தமிழில் சொல்கிறாளே என்று இருந்தேன்.

அடுத்த வீட்டுக்காரி லூசியா. என் வயதுதான் இருப்பாள். ஒல்லி, உயரம், பேச்சில் காரம். போர்த்துகீசுதான் பேசுவாள். வந்த மூன்றாம் வாரம், அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைப் பார்த்துவிட்டு நான் “அய்யய்யோ, போச்சு” என்று கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னா போச்சு?” என்று குரல் வந்தது.

நான் வெளியே ஓடினேன். அவள் தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தன் வாயிலிருந்து வந்த வார்த்தையைக் கேட்டு அவளே மிரண்டு போயிருந்தாள். சின்ன வயதில், பஞ்சத்தில், நம் கரையிலிருந்து விற்கப்பட்டுக் கப்பலேறினவள். வேலை செய்த வீட்டு அம்மாள் சாகும்போது விடுதலை எழுதிவைத்துவிட்டுப் போனாள். பிறகு தையல் வேலை செய்து அந்தச் சின்ன வீட்டை வாங்கியிருந்தாள். அவளிடம் தமிழ் உடைந்த சட்டியின் ஓடுகள் மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக இருந்தது. பேசப் பேச ஒட்டிக்கொண்டு வந்தது. விற்கப்பட்ட கதையை அதற்குமேல் அவள் சொல்லவில்லை. நானும் தோண்டவில்லை.

சர்க்கரைக் கொட்டை கடைசியில் அவள் அடுப்படியில்தான் வந்தது. இங்கே ஊரைச் சுற்றி ஆலைகள். சர்க்கரைக்குப் பஞ்சமில்லை. கனாரிக் கொட்டையை வெந்நீரில் போட்டு எடுத்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரும் என்று அவள் காட்டினாள். பாகு காய்ச்சத் தெரிந்தவள் நான். கம்பிப் பதத்தில் வறுத்த கொட்டையைப் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தபோது தெருவில் ஏதோ சண்டை. வேடிக்கை பார்க்கலாம் என்று வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிக் கையோடு வாசலுக்குக் கொண்டுபோய், கவனமில்லாமல் கிளறிக்கொண்டே நின்றேன். பாகு திடீரென்று மங்கியது. மணல் மணலாக உடைந்தது. பிறகு ஒவ்வொரு கொட்டைமேலும் வெள்ளையாகப் பூத்து நின்றது. இத்தனை வருஷம் நான் செய்த தப்பு, அடுப்பிலேயே வைத்துக் கிளறினதுதான். இறக்கிவிட்டுக் கிளற வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு இன்னொன்று. நாலைந்து பூச்சில் அது கல் மாதிரி ஆகிவிடும்.

கடைசிப் பூச்சு காய்ந்த அன்று, அவர் பட்டறையிலிருந்து வந்ததும் ஒன்றை உள்ளங்கையில் வைத்தேன். வாயில் போட்டுக்கொண்டார். கன்னத்தில் அது நகர்வது தெரிந்தது.

“எங்க ஊர்ல இதைவிடப் பெரிசு” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் மறுநாள் ஜாடியைக் காணவில்லை. ரம்பங்களை வைக்கிற பெட்டிக்குள் ஒளித்துவைத்துத் தனியாகத் தின்றுகொண்டிருந்ததைக் காத்தாயிதான் கண்டுபிடித்தாள்.

4

அவரை இந்த ஊரின் காய்ச்சல் கொண்டுபோனது. மழை பிடித்த சமயம், மூன்றே நாள். அதைப்பற்றி அதிகம் சொல்லத் தெரியவில்லை. நல்ல மனுஷன். கோபம் வந்தால் மரத்தைத்தான் அடிப்பார்.

அடக்கம் முடிந்த வாரம், தகப்பனில்லாத பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற கச்சேரியிலிருந்து ஆள் வந்தார். மரியாதையானவர்தான். இங்கே ஒரு சட்டம். ஒல்லாந்தரின் பிள்ளை தகப்பனை இழந்தால், அதற்கு வீடும் வருமானமும் இருக்கிறதா என்று கச்சேரி பார்க்கும். இல்லையென்றால் அநாதை இல்லத்தில் சேர்த்துக் கல்யாண வயது வரை வளர்ப்பார்கள். தாய் வைத்துக்கொள்ள வேண்டுமானால், பிழைப்பு இன்னதென்று காட்ட வேண்டும். சொந்த வீடு உள்ள இரண்டு பேர் பிணை நிற்க வேண்டும். பிள்ளைக்குக் குறை வந்தால் பிணை நின்றவர்களின் வீட்டைக் கச்சேரி கேட்கும்.

அநாதை இல்லத்தில் அடிப்பார்கள், பட்டினி போடுவார்கள் என்றெல்லாம் இல்லை. எழுத்து சொல்லித் தருவார்கள். நல்ல துணி தருவார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. காத்தாயிக்குப் பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அங்கே போனால் அவள் முழுக்கக் காத்யே ஆகிவிடுவாள். என்னைத் தெருவில் பார்த்தால் தலையசைத்துவிட்டுப் போவாள். அவளுக்கு அதில் விருப்பம் இருக்குமோ என்றும் ஒரு சந்தேகம். கேட்கத் தைரியம் வரவில்லை.

பட்டறை மேஸ்திரி ஒரு பிணைக்கு ஒப்புக்கொண்டார். இரண்டாவது ஆள் கிடைக்கவில்லை. லூசியாவிடம் இருக்கிற ஒரே வீட்டைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. பிழைப்புக்கு லூசியா வழி சொன்னாள். என்னை அவள் ‘எல்லா’ என்று சுருக்கித்தான் கூப்பிடுவாள்.

“கல்யாண வூட்டுக்குக் குடுக்கலாம், எல்லா. அந்தக் கொட்டையைத்தான். இந்த ஊரு ஒல்லாந்துப் பொம்பளைங்க அதைக் கப்பல்லேர்ந்து வாங்கறாங்க. ஈரத்துல நசநசன்னு வருது. நம்மது மொறுமொறுன்னு இருக்கும்.”

அவள் வீட்டிலும் என் வீட்டிலுமாக அடுப்பு எரிந்தது. மழை நாளில் சர்க்கரை வியர்த்துவிடும். அரிசியைச் சிவக்க வறுத்துத் துணியில் முடிந்து ஜாடிக்குள் போட்டால் ஈரத்தை அது குடித்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்தது நான். அதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

முதல் கல்யாணத்துக்குப் பொட்டலம் கட்டுகிற அன்று, கையெல்லாம் வேலையாக இருந்த லூசியா திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

“எல்லா, தாலி எங்கே?”

என் கை நின்றுவிட்டது. அவர் போய் மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. அவள் திரும்பினாள்.

“தாலிடி. இதைக் கட்டணும் இல்ல? அங்கதான் வெச்சேன்.”

மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர். அவள் அந்த அர்த்தத்தில்தான் கேட்டாள். நம் தாலியை அவள் மறந்து எத்தனையோ காலமாகியிருந்தது. நான் என் வெறும் கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்குச் சட்டென்று எங்கிருந்தோ அந்த வார்த்தை ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நூல் கண்டை எடுத்துப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கட்டினாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள் கயிற்றை வேறு எந்த மொழியில் வேண்டுமானாலும் சொல்வாள். மலாயில் மட்டும் சொல்ல மாட்டாள்.

5

கச்சேரிக்குப் போகிற நாள் வந்தது. உயரமான அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வயதானவர், இருமிக்கொண்டே இருந்தார். மேஸ்திரி வந்திருந்தார். லூசியா பின்னால் சுவரோரம் நின்றாள். காத்தாயி அப்பன் வாங்கிக்கொடுத்த கறுப்பு ஜோடுகளைப் போட்டுக்கொண்டு என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

எனக்கு என்ன பிழைப்பு என்று கேட்டார்கள். மொழிபெயர்க்க ஆள் இருந்தும், நானே சொல்லிவிடலாம், வாயுள்ளவள் என்று தெரியட்டும் என்று மலாயில் ஆரம்பித்தேன். மலாயில் சர்க்கரை ‘கூலா’, பைத்தியம் ‘கீலா’. பயத்தில் எனக்கு இரண்டும் புரண்டுவிட்டன. தினமும் வீட்டில் பைத்தியம் காய்ச்சுகிறேன், என் மகளும் கூடவே கிளறுகிறாள், கல்யாண வீடுகளில் அதை விரும்பி வாங்குகிறார்கள் என்று தெளிவாகச் சொல்லி முடித்தேன்.

எழுத்தர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். மேசையில் இருந்த இளைய அதிகாரியும் சிரித்தார். ஏன் சிரிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் மறுபடியும் அதையே இன்னும் உரக்கச் சொன்னேன்.

அப்போது காத்தாயி அந்த இரண்டடியைத் தாண்டி என் பக்கத்தில் வந்தாள். என் முழங்கையைப் பிடித்தாள்.

“மா, நீ நம்ம பேச்சுலயே சொல்லு. நான் அவங்களுக்குச் சொல்றேன்.”

அந்த அறையில், அவ்வளவு பேர் முன்னால், உரக்கத் தமிழில் சொன்னாள். நான் சொல்லச் சொல்ல, நிமிர்ந்து நின்றுகொண்டு அப்பன் மொழியில் அவர்களுக்குச் சொன்னாள். எங்கே கொட்டை வாங்குகிறோம், யார் வீட்டுக்குக் கொடுத்தோம், மழையில் எப்படிக் காப்பாற்றுகிறோம், எல்லாம். கம்பிப் பதம் என்று நான் சொன்னபோது அவளிடம் அதற்கு ஒல்லாந்து வார்த்தை இல்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி, மெல்லப் பிரித்து, நடுவில் இல்லாத நூலைக் காட்டினாள். வயதான அதிகாரி இருமலை மறந்துவிட்டு அந்த விரல்களையே பார்த்தார். என் மகள் என்ற பெருமை எனக்கு வேறெந்த நாளிலும் அவ்வளவு வந்ததில்லை.

பிணை யார் என்று கேட்டார்கள். மேஸ்திரி கையைத் தூக்கினார். இரண்டாவது ஆள் இன்னும் கிடைக்கவில்லை, கொஞ்சம் தவணை கொடுங்கள் என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் சுவரோரத்திலிருந்து லூசியா முன்னால் வந்தாள். தன் விடுதலைச் சீட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் இடுப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். என்னிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பெரியவர் அவளிடம் போர்த்துகீசில் பேசினார். காத்தாயி என் காதில் தமிழில் சொன்னாள். “பொண்ணுக்கு ஏதாச்சும் கொறை வந்தா வூட்டை எடுத்துப்போம், தெரியுமான்னு கேக்கறாரு.”

“தெரியும்” என்றாள் லூசியா.

“வேற வூடு இருக்கான்னு கேக்கறாரு.”

“இல்ல.”

பெரியவர் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதிக்கொள்ளச் சொன்னார். காத்தாயி என்னோடு இருக்கலாம், காலையில் கோவில் பள்ளிக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பு. லூசியா எழுத்துத் தெரியாத கையால் ஒரு சிலுவைக்குறி போட்டாள். மிகவும் அழுத்திப் போட்டாள்.

திரும்பி வரும்போது கால்வாய்ப் பாலத்தில் அவளை நிறுத்தினேன்.

“இன்னாத்துக்கு லூசியா? இருக்கறதே அந்த ஒரு வூடு.”

“என்னையும் ஒரு கச்சேரியில எழுதிகினாங்க. கப்பல்ல ஏத்தறதுக்கு முன்னாடி. கோட்டையாண்ட. ஒருத்தன் கேட்டான், ஒருத்தன் எழுதினான். எனக்காக பேச ஆளே இல்ல. அன்னிக்கு அந்த மேசைமேல யாராச்சும் எதையாச்சும் வெச்சிருந்தா நான் வூட்டுக்குப் போயிருப்பேன்.” சேலைத் தலைப்பை உதறினாள். “விடு. இன்னிக்கு ரெண்டாம் பூச்சு பூசணும். பேச்சு போதும், நட.”

6

அதன் பிறகு என்ன ஆனது என்று கேட்பீர்கள். பெரிய அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. காத்தாயி கச்சேரியில் பேசின தமிழை வீட்டுக்கு வந்ததும் மடித்து வைத்துவிட்டாள். மறுநாளே போர்த்துகீசில் பதில் சொன்னாள். ஆனால் தெருவில் நான் உரக்கக் கூப்பிட்டால் முகம் சுளிப்பது நின்றுவிட்டது. பள்ளியில் எழுதக் கற்றுக்கொண்டாள். எங்களுக்கு வருகிற கல்யாண வீட்டுச் சீட்டுகளை அவள்தான் படித்துச் சொன்னாள்.

வளர்ந்து, வைத்தியருக்கு உதவியாக இருக்கிற ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய கல்யாணத்துக்கு எத்தனை ஜாடி செய்தோம் என்று கேட்காதீர்கள். லூசியா கையில் கொப்புளத்தோடு விருந்தில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் முடிந்ததும் அவளுடைய பிணையை ரத்து செய்து கச்சேரியில் எழுதிக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை வாங்க நான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் அதை வாங்கிக்கொண்டு, “முடிஞ்சுதா? இனிமே நான் நிக்க வேணாமா?” என்று கேட்டாள். சந்தோஷமா வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை.

காத்தாயி இப்போது கிழக்கே, ஜப்பாராவில் இருக்கிறாள். அவள் பிள்ளைகள் என்னை ‘ஆவோ’ என்று கூப்பிடுகிறார்கள். போர்த்துகீசில் பாட்டியாம். தமிழில் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை ‘போதும்’. சர்க்கரைக் கொட்டை கேட்கும்போது நான் சொல்லிச் சொல்லிக் கற்றுக்கொண்டது. இதில் எனக்கு வருத்தம் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் எனக்குத் தேவைப்பட்ட ஒரு நாளில், சரியாக அந்த நாளில், என் மொழியைக் கையில் எடுத்தாள். அதற்குமேல் கேட்பது பேராசை.

7

கப்பல் ஆள் தட்டைப் பார்த்துக் கேட்ட அன்று அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மீன் குழம்பு வைத்தேன். அவன் காட்டுப்பள்ளியில் யாருக்குக் கல்யாணம், முகத்துவாரம் எப்போது அடைத்தது, எப்போது வெட்டினார்கள், யார் படகு கவிழ்ந்தது என்று சொல்லிக்கொண்டே சாப்பிட்டான். லூசியா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் இப்போது தமிழ் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பழவேற்காட்டைப் பற்றி நான் பேசினால் எழுந்து போய்விடுவாள். அன்று போகவில்லை. அவன் கை கழுவின பிறகு கேட்டாள்:

“எளாவூர் பக்கம் மழை பெய்யுதா?”

“பெய்யுதும்மா. போன வருசம் ஏரியே ரொம்பி வழிஞ்சுது.”

“வயல்ல நெல்லு?”

“அதுக்கு இன்னா கொறைச்சல்.”

“சரி” என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் எளாவூர்ப் பக்கத்துப் பெண் என்பது இத்தனை வருஷம் கழித்து அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

கப்பல் புறப்பட இன்னும் சில நாள் இருந்தது. எனக்கு ஓர் ஆசை வந்தது. இரண்டு பேரும் கப்பலேறிவிடலாம், கணக்கப்பிள்ளை இடம் பார்த்துத் தருவார் என்று அவளிடம் சொன்னேன். அவள் கனாரித் தோலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“நீ போயிட்டு வா எல்லா. நான் வரல.”

“உன் ஊர பாக்க வேணாமா?”

“போய் இன்னா பண்றது? யாரு வாசல்ல போயி நிக்கறது? எனக்கு என் பேரே தெரியல. சின்னின்னு கூப்பிட்டாங்க. எல்லா வூட்லயும் ஒரு சின்னி இருப்பா.” ஒரு கொட்டையை உரித்து முடித்தாள். “இங்க வாசல் கீது. என்னுது.”

நான் மட்டும் போய் என்ன செய்வது? நானும் வரவில்லை. தம்பி, அதனால் என்னை எதிர்பார்க்க வேண்டாம். செத்தவளுக்குச் செய்ததை மறுபடி செய்யவும் வேண்டாம். ஒரு ஜாடி சர்க்கரைக் கொட்டை அனுப்புகிறேன். பிள்ளைகளுக்குக் கொடு. பல் போனவர்கள் வாயிலேயே ஊறவைத்துத் தின்னட்டும்.

இவ்வளவையும் கணக்கப்பிள்ளை எழுதி முடித்து மடிக்கப் போகிற நேரத்தில் லூசியா உள்ளே வந்தாள். எழுதின காகிதத்தைப் பார்த்தாள்.

“அதுல இடம் இருக்கா?”

இருக்கிறது என்றார் கணக்கப்பிள்ளை.

அவள் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே சொன்னாள். இதை அவள் சொன்னபடியே எழுதச் சொல்லியிருக்கிறேன். உங்களில் யாருக்காவது எளாவூர்ப் பக்கம் உறவு இருந்தால் அங்கே கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள்.

“எளாவூர் பக்கம், ஏரிக்கரையில உப்பு வாருற ஒருத்தர். பஞ்சத்துல பொண்ணு சின்னிய வித்தவரு. அவரு இருக்க மாட்டாரு. தம்பி ஒருத்தன் இருந்தான், பேரு ஞாபகம் இல்ல, தவழ்ந்துகினு இருந்தான். அவன் இருந்தா அவனாண்ட சொல்லணும். சின்னி உசுரோட கீறா. சொந்த வூடு கீது. தேட வேணாம். நைனா மேல கோபம் இல்ல. என்னைக் குடுத்து அன்னிக்கு வாங்கின நெல்லுல அவன் பொழைச்சிருந்தா, அது போதும்.”

கணக்கப்பிள்ளையின் கை பாதியில் நின்றிருந்தது.

“இன்னா ஐயா நிறுத்திட்டீங்க?” என்றாள் லூசியா. “எழுதுங்க.”